அட்டவணை நான்கில் ஒரு திருத்தம்

மாசி.
சம்பா அறுத்த தாளுக்கிடையே உளுந்து
இரண்டிலை விட்டு நிற்கிறது.
வெட்டாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்
ஆலங்கரை தாண்டும்போது
பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும்
ஆலையின் மதிலை உரசிக்கொண்டு போகிறது.
அதற்குப் பிறகும் அதன் பெயர் வாய்க்கால்தான்.

ஏழு இடம், இடத்துக்கு மூன்று கோப்பை.
கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றும் பிளாஸ்டிக்.
விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கவேண்டும்,
ஒரு நெல் உயரம் தூக்கியிருந்தாலும்
வண்டு சுற்றிப் போய்விடும்.
அடியில் இரண்டு விரல் உப்புத் தண்ணீர்.
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, துணைமின்நிலையத்து வரப்பில்
முதல் இடம்.
ஆலைக் கேட்டை ஒட்டி ஏழாவது.

தரைவண்டு இரவில் நடக்கும்.
பறக்க முடிந்ததும் நடக்கும்.
புழுவைத் தின்னும்; புழு மண்ணைத் தின்றிருக்கும்;
மண் எதையெல்லாம் தின்றதோ
அதையெல்லாம் கணக்கெழுதாமல் உடம்பில் வைத்துக்கொள்ளும்.
அறுபது டிகிரியில் உலர்த்தி
நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச்
சுடரில் ஊதினால்
எங்கே குடியிருந்தது என்று கருவி சொல்லிவிடும்.

தண்ணீர் மாதிரி எடுக்க அதிகாரிகள் வரும் நாளில்
தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும்.
வண்டுக்கு அந்தத் தேதி தெரியாது.

ஐந்து வாரம்.
ஏழாம் இடத்தில் ஒன்றுமில்லை.
சைபர் எழுதினேன், அதன் கீழ் சைபர்,
அதன் கீழ் சைபர்.
சொல்லக் கூடாது,
எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.
‘ஆலையை நெருங்க நெருங்க வண்டினம் அற்றுப்போகிறது.’
வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்தது.
வழிகாட்டி அதன் கீழே சிவப்பில் கோடிட்டார்,
‘அருமை.’

ஆறாம் வாரம் கடைசி டவுன் பஸ் போய்விட்டது.
வரப்பிலேயே திரும்பி நடந்தேன்.
கேட்டருகே ஒரு டார்ச் வெளிச்சம்
குனிந்திருந்தது.
இன்னாசிமுத்து, இரவுக் காவலர்.
கோப்பையை எடுத்துச் சாய்த்து
நனைந்த வண்டுகளைப் பூவரச இலையில்
கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ராவெல்லாம் சுரண்டுது ஆயி.
ஏறவும் முடியல, சாவவும் மாட்டேங்குது.
நான் கிட்டத்தான உக்காந்திருக்கேன், காதுல விழுவுது.
விடியறதுக்குள்ள தண்ணி ஊத்தி வச்சிருவேன்,
உப்புக்கூடப் போட்டுத்தான்.
மத்த கோப்பைக்கெல்லாம் என்னால நடக்க முடியல.”

ஐந்து வாரச் சைபரும்
ஓர் ஆளின் காது.

கத்தத்தான் வாயெடுத்தேன்.
இலையைப் பார்த்தேன். ஒன்பது வண்டு, மூன்று இனம்.
ஒன்றின் இடது இறக்கையுறை
வலதைவிட அரை மில்லிமீட்டர் குட்டை.
பிறகுதான் கையைப் பார்த்தேன்.
காலிக் கோப்பை, அதற்கு இரண்டு கை.
வலது மணிக்கட்டு நிமிரவில்லை,
கொடியில் போட்ட ஈரத் துண்டு மாதிரி
விரல்கள் தரையைப் பார்த்துத் தொங்கின.

“பதினோரு வருசம் உலையில நின்னேன்.
கை விழுந்ததும் கேட்டுக்கு மாத்திட்டாங்க.
நல்ல மனுசங்க.”

கோப்பை எதற்கு என்று சொன்னேன்.
உலர்த்துவது, கரைப்பது, சுடர், எல்லாம்.
கேட்டுவிட்டு,
“அப்ப என்னையும் காயப்போட்டுக் கரைச்சாத் தெரிஞ்சிரும்ல?”
என்று சிரித்தார்.
டார்ச் அவர் முகத்துக்குக் கீழே இருந்தது.
ஈறும் பல்லும் சேருமிடத்தில்
மெல்லிய நீலக் கோடு.

அட்டவணை நான்கு, ஏழாம் வரிசை:
‘சைபர்’ என்பதைத் ‘தரவு இல்லை’ என்று படிக்கவும்.
காரணம் என்ற கட்டத்தில்
‘மனிதத் தலையீடு’ என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதிவிட்டேன்.

அன்றைய வண்டுகளில் எட்டுதான் ஆய்வகம் வந்தன.
ஒன்பதாவது
நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே இலையை விட்டிறங்கி
மதில் பக்கம் நடந்துவிட்டது.
அதற்கு அங்கேதான் வீடு.